நாற்பத்திரண்டு லட்சத்துக்கு ஏலம் போன மரங்கள்

நான் வேலை பார்ப்பது மத்திய அரசின் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில். ஹைதராபாத்தில் மல்காஜ்கிரியைத் தாண்டி எங்கள் ஊழியர் குடியிருப்பு இருக்கிறது. அதைப் பராமரிக்கும் பிரிவில் பதினாறு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எந்தக் குவார்ட்டர்ஸில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த பிளாக் மாடிப்படிக்கு அடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது, யார் வீட்டுக் கதவு மழைக்கு ஊறி மூட மறுக்கிறது என்று கேட்டால் ஃபைலைப் புரட்டாமல் சொல்வேன். மரங்களும் என் பொறுப்புதான்.

ஒரு மே மாதம், சாயங்காலம் நாலரை மணி வாக்கில் காற்று கிளம்பி முக்கால் மணி நேரம் அடித்தது. மேற்குச் சுவரை ஒட்டி வரிசையாக நின்ற தேக்குகளில் பதினொன்று, சுவரையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தன. குடியிருப்பின் கடைக்கோடியில் டி பிளாக்குக்குப் போகும் சந்தின் முனையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. அது சந்துக்குக் குறுக்கே படுத்துவிட்டது. டி பிளாக்கில் நான்கு குடும்பங்கள். அந்தச் சந்தைத் தவிர அவர்களுக்கு வேறு வழி கிடையாது.

யாருக்கும் அடிபடவில்லை. மறுநாள் மின்வாரிய ஆட்கள் வந்து கம்பிமேல் கிடந்த கிளைகளை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அடிமரம் அப்படியே கிடந்தது. ஸ்கூட்டர்காரர்கள் புல்தரையில் ஏறி ஒரு பக்கமாகப் போய்வரப் பழகிக்கொண்டார்கள். கார் போகாது. நடந்து போகிறவர்கள் இடுப்பு உயரத்துக்குக் கிடந்த மரத்தில் ஏறி இறங்க வேண்டும், அல்லது சேற்றில் சுற்றிப் போக வேண்டும்.

ஒரு ரம்பத்தை வைத்து இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டிய வேலை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நானே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அரசு நிலத்தில் விழுந்த மரம் அரசுச் சொத்து. வனத்துறை ஆள் வந்து நாடா பிடித்து அளந்து மதிப்புப் போட வேண்டும். அந்த மதிப்பை ஆரம்ப விலையாக வைத்து ஆன்லைனில் ஏலம் விட வேண்டும். டெபாசிட் கட்டியவர்கள் கேட்கலாம். அதிகம் கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை மரத்தைத் தொடக்கூடாது.

இந்த முறைக்கு நான் எதிரியில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விழுந்த மரத்தைத் தோட்டக் காண்ட்ராக்டர் லாரி வைத்து எடுத்துக்கொண்டு போவார். கொஞ்ச நாளில் ஏதாவது ஒரு பெரிய அதிகாரி வீட்டு முற்றத்தில் புது ஊஞ்சல் ஆடும். யாரும் எதுவும் எழுதியதில்லை. ஆன்லைன் ஏலம் வந்தபோது, அதற்கான பயிற்சிக்குப் போய்த் திரும்பி, இனி ஒரு குச்சிகூட அப்படிப் போகாது என்று மேஜைக்கு மேஜை சொல்லித் திரிந்தவள் நான். அந்த ஞாபகம்தான் அடுத்த எட்டு மாதமும் என்னைக் குத்தியது.

வனத்துறை ஆள் வர ஐந்து வாரம் ஆனது. நல்ல மனிதர். வெயிலில் நின்று ஒவ்வொரு தேக்கையும் சுற்றளவு, நீளம் என்று அளந்தார். தூங்குமூஞ்சி மரத்தையும் வெளியிலிருந்து அளந்து, அத்தனையும் உறுதியான மரம் என்று எழுதி மதிப்புப் போட்டார். பன்னிரண்டு மரங்களுக்கும் சேர்த்து ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

நான் ஃபைலில் ஒரு நோட் எழுதினேன். தேக்கைத் தனி லாட்டாகவும், தூங்குமூஞ்சியைத் தனி லாட்டாகவும் விடலாம். வாங்குகிற ஆட்கள் வேறு வேறு என்று. எங்கள் பிரிவின் மேலதிகாரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் அல்ல. நாலு வருடத்துக்கு முன்னால் இப்படிப் பிரித்து விட்டதில் நல்ல மரம் மட்டும் போய், விறகு ஒரு வருடம் கிடந்து மட்கி, அதற்கு அவர் பதில் எழுத வேண்டியிருந்தது. தேக்கு வேண்டுமென்றால் இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார். ஒரே லாட்.

ஏலத்துக்கு முன்னால் மரத்தைப் பார்க்க மூன்று நாள் கொடுப்போம். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் காரை விட்டு இறங்காமலே பார்த்துவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் நாச்சாரத்தில் சின்னதாக ஒரு மர அறுவை மில் வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும். ஹைதராபாத் ஹிந்தி பேசுவார். அவர் பேச்சு எனக்கு முழுக்கப் புரியும். என் ஹிந்தி அவருக்குப் பாதி புரியும். அவர் ஒவ்வொரு தேக்காகக் குனிந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தார். எதற்கு என்று கேட்டேன். ஆணி தேடுகிறேன் என்றார். எங்கள் ஆட்கள் அந்த மரங்களில் வருடக்கணக்காகத் துணிக்கொடியும் பண்டிகை பேனரும் கட்டியிருக்கிறார்கள். ஒரே மரத்தில் ஒன்பது ஆணி எண்ணினார். ஓர் ஆணி பட்டால் ஒரு ரம்பத்தின் பல் போகும், அதனால் இந்த விலை வராது என்று நிதானமாக விளக்கினார். பிறகு டி பிளாக் பக்கம் போய்த் தூங்குமூஞ்சியைப் பார்த்தார். அதைத் தூக்க கிரேன் வாடகையே அதன் விலையைத் தின்றுவிடும் என்றார்.

"இது நக்கோ, வேண்டாம் மேடம். தேக்கை மட்டும் கொடுங்க, இன்னைக்கே பணம் கட்டறேன்."

அது முடியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் என் நோட்டும் அதையேதான் சொல்லியிருந்தது.

ஜூலைக் கடைசியில் முதல் ஏலம். காலை பதினொன்று முதல் மாலை நாலு வரை. நான் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. நாலு மணிக்கு, ஏலம் வெற்றிகரமாக முடிந்தது என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. வெற்றி எதில் என்று யாரைக் கேட்பது?

ஆரம்ப விலையைக் குறைக்க அனுமதி வாங்க ஆறு வாரம். அதற்குள் மழைக்காலம் நன்றாக இறங்கிவிட்டது. டி பிளாக்கில் தரைத்தளத்தில் இருக்கும் டெக்னீசியன் ஒருவர், வயதான தாயாரோடு வசிப்பவர், மரத்தை எடுக்கச் சொல்லி மாதம் ஒரு கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை வைத்து ஃபைலில் சேர்த்தேன். விஷயம் நடவடிக்கையில் உள்ளது என்று அவருக்குப் பதிலும் அனுப்பினேன். பொய் இல்லை. நடவடிக்கையில்தான் இருந்தது.

செப்டம்பரில் இரண்டாவது ஏலம். இந்தத் தடவை ஆரம்ப விலை மூன்றே முக்கால் லட்சம். மில்காரர் டெபாசிட் கட்டியிருந்தார். யாரோ இன்னொருவரும். மூன்றரை மணிவரை திரையில் அசைவில்லை. பிறகு இருவரும் பத்துப் பத்தாயிரமாக ஏற்ற ஆரம்பித்தார்கள். கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாக ஐந்து நிமிடம் நீளும். அப்படி நீண்டு நீண்டு நாலே கால் ஆனது. அந்த இன்னொருவர் நாலு லட்சத்துப் பத்தாயிரம் கேட்டார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அடுத்து மில்காரரின் எண் வந்தது.

பென்சில் முனையைத் திரையில் வைத்து சைபர்களை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டு லட்சம்.

என் போன் அடித்தது. அவர்தான். நாலு லட்சத்து இருபதாயிரம் போடப் போய் ஒரு சைபர் கூடிவிட்டது, உடனே அழியுங்கள் என்றார். அழிக்க என்னிடம் எந்தப் பொத்தானும் கிடையாது. ஏலத் தளத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பாட்டுப் போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண் குரல், ஒருமுறை கேட்ட விலையைத் திரும்பப் பெற இயலாது என்று இரண்டு மொழிகளில் படித்துக் காட்டியது. தப்பாக அடித்துவிட்டார் அம்மா என்று சொன்னேன். உங்கள் அழைப்புக்கு நன்றி என்றது. ஏலம் முடிந்தது. இந்த முறையும் பச்சை எழுத்து.

மேலதிகாரி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். மாதக்கணக்கில் சிரிக்காத மனிதர் சிரித்தார்.

"பாத்தீங்களா? ஒரே லாட்டாப் போட்டது நல்லதாப் போச்சு."

சார், அது தட்டச்சுப் பிழை என்றேன். சிரிப்பு கொஞ்ச நேரம் அவர் முகத்தில் போக வழி தெரியாமல் நின்றது.

முக்கால் மணி நேரத்தில் மில்காரர் நாச்சாரத்திலிருந்து பைக்கில் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இவ்வளவு பெரிய தொகைக்கு, உறுதிதானா என்று திரை ஒருமுறை கேட்டிருக்குமே என்று கேட்டேன்.

"அது எப்பவும் கேக்குது மேடம். நாலு லட்சத்துக்கும் கேக்குது, நாற்பது லட்சத்துக்கும் கேக்குது. எப்பவும் சரின்னுதான் அமுக்கறேன்."

எங்கள் விதி என்னவென்றால், அதிகம் கேட்டவர் பணம் கட்டாவிட்டால் டெபாசிட் போய்விடும். ஒரு வருடம் ஏலத்தில் கலந்துகொள்ள முடியாது. அடுத்த இடத்தில் நின்றவருக்குக் கொடுக்கவும் வழியில்லை, மறு ஏலம்தான். ஒரு மனுக் கொடுங்கள், நான் நோட் எழுதுகிறேன் என்றேன். அங்கேயே, என் மேஜையிலேயே ஹெல்மெட்டோடு நின்றுகொண்டு எழுதிக் கொடுத்தார்.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் தோசையைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர்கள் வீட்டுத் தமிழில் பாதி ஹைதராபாத்; எதற்கு என்பதைக் கைக்கு என்பார்கள். "கைக்கு இவ்ளோ டென்ஷன் உனக்கு? தப்புன்னா தப்புன்னு எழுதிட்டுப் போ" என்றார். ரயில்வேயில் முப்பது வருடம் இருந்தவருக்கு இப்படிப் பேச எப்படி மனசு வந்தது என்று எனக்கு ஆச்சரியம்தான்.

எழுதினேன். முந்தைய கேட்பு நாலு லட்சத்துப் பத்து, அடுத்தது அதைப்போல் பத்து மடங்கு, ஆகவே இது வெளிப்படையான தவறு. டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து மறு ஏலம் விடலாம் என்று ஒரு பக்கம். அது நிதிப் பிரிவுக்குப் போனது. அங்கே தலைமை அதிகாரி ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் ஒரு பெண்மணி. தெலுங்கில் ரொம்ப மரியாதையாகப் பேசுவார். அந்த மரியாதையிலேயே ஆள் சுருங்கிப்போவோம். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தப்புன்னு நீங்க எழுதியிருக்கீங்க. நாளைக்கு ஒருத்தர் வேணும்னே விலையை ஏத்திவிட்டு எதிராளியை விரட்டிட்டு, தப்பு நடந்துபோச்சும்பார். அவருக்கும் இதே நோட் எழுதுவீங்களா?"

இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. இவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சேர்த்துச் சொன்னேன். அது ஃபைலில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. டெபாசிட் போனது. ஒரு வருடத் தடையும் விழுந்தது.

அத்தோடு முடிந்திருந்தால்கூடச் சரி. மூன்றாவது ஏலத்துக்கு நோட் போட்டபோதுதான் உண்மையான கூத்து தொடங்கியது. முந்தைய ஏலத்தில் வந்த அதிகபட்ச விலைக்குக் கீழே புதிய ஆரம்ப விலை வைப்பதானால் மூன்று பேர் குழு காரணம் எழுதி ஒப்புதல் தர வேண்டும் என்று எங்கள் கையேட்டில் இருக்கிறது. அதிகபட்ச விலை நாற்பத்திரண்டு லட்சம். யாரும் கட்டாத, யாரும் கட்டப்போகாத, ஒரு மனிதரின் விரல் தடுக்கி வந்த அந்த எண், எங்கள் ஃபைலில் மரத்தின் விலையாகிவிட்டது.

குழு கூடியது. எங்கள் மேலதிகாரி, அதே நிதி அதிகாரி, பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர். நான் போட்டோக்கள் கொண்டுபோயிருந்தேன். நாற்பத்திரண்டு லட்சத்துக்கு இந்தப் பன்னிரண்டு மரத்தை யார் வாங்குவார்கள், மல்காஜ்கிரியில் சின்னதாக ஒரு ஃப்ளாட்டே வாங்கிவிடலாமே என்றேன். பாதுகாப்புப் பிரிவுக்காரர், போட்டியில் வந்த விலைதான் சந்தை விலை என்று பயிற்சியிலிருந்து திரும்பி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவளே நான்தான் என்று நினைவுபடுத்தினார். சொல்லிக்கொடுத்தது உண்மை. ஒருவரும் முதல் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. காரணத்தை யார் சொற்களில் எழுதுவது என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, மேலிடத்தில் விளக்கம் கேட்பது என்று முடிவு செய்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஒருவர் பயிற்சிக்கு டெல்லி போயிருந்தார். அதற்கடுத்த கூட்டம் நடக்கவில்லை.

வெளியே மரங்கள் எந்த விளக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. தேக்கின் பட்டைக்குக் கீழே கரையான் மண் ஏறியது. தூங்குமூஞ்சியின் மேல் வரிசையாகக் காளான் முளைத்தது. நான் தினமும் காலையில் அலுவலகம் வரும்போது அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்து வேறு வழியாக வர ஆரம்பித்தேன்.

நவம்பர் மாதம் ஒரு காலை பத்து மணிக்கு டி பிளாக் டெக்னீசியனின் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. ஆம்புலன்ஸ் பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டது. வந்து மரத்துக்கு இந்தப் பக்கமே நின்றது. தகவல் கேட்டு நான் ஓடினேன். நான் போனபோது நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தோள் உயரத்துக்குத் தூக்கி மரத்தின் மேலாக இந்தப் பக்கம் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழையில் சுற்றுவழி முழுக்கச் சேறாகிக் கிடந்தது, பட்டையும் வழுவழுவென்றிருந்தது. ஒருவர் கால் சறுக்கியது. ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த அம்மாள் கத்தவில்லை. துணியைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நானும் போய் ஒரு முனையைப் பிடித்தேன். மகன் என்னைப் பார்த்தார்.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்தார். மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், சட்டை கசங்கியிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கடிதத்தை மேஜையில் வைத்து, "முத்திரை போட்டுக் குடுங்க மேடம்" என்றார். முத்திரை பதித்தேன். ஃபைலில் சேர்க்கத் திறந்தபோது இதற்கு முன் கொடுத்த கடிதங்கள் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எல்லாவற்றிலும் என் கையெழுத்து, என் முத்திரை.

அன்று மதியம் தோட்டக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு இயந்திர ரம்பம் கொண்டுவரச் சொன்னேன். சந்தின் அகலத்துக்கு மரத்தை இரண்டு இடத்தில் அறுத்து, நடுத்துண்டைப் புரட்டி ஓரமாகப் போட வேண்டும். ஒரு ஆம்புலன்ஸ் போகிற வழி இருந்தால் போதும். எழுத்தில் உத்தரவு வேண்டும் என்றார். என் பெயரும் பதவியும் போட்டு எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். அவரை அந்த இடத்தில் நிறுத்துவானேன் என்று தோன்றியது. பயமும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரம்பம் அரையடி போனதும் சத்தம் மாறியது. திணறிக்கொண்டிருந்தது திடீரென்று லகுவாக ஓடியது. துண்டைப் புரட்டியபோது உள்ளே ஒன்றும் இல்லை. சுற்றிலும் அரையடி கனத்துக்கு மரம். நடுவில் ஒரு ஆள் நுழைந்து படுக்கிற அளவுக்குப் பொந்து, அதில் கறுத்த தூள். வைரம் பாய்ந்த நடுமரமே கிடையாது. அத்தனை மாதமும் நாங்கள் விலை பேசிக்கொண்டிருந்தது பாதிக்குமேல் காற்றுக்கு.

மூன்று நாள் கழித்து எனக்கு மெமோ வந்தது. ஏலத்தில் உள்ள அரசுச் சொத்தின் வடிவத்தை அனுமதியின்றி மாற்றியதற்குப் பத்து நாட்களுக்குள் விளக்கம் தருக. கையெழுத்து எங்கள் மேலதிகாரியுடையது. மெமோவை அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொஞ்சம் நின்று, டி பிளாக் அம்மாளுக்கு ஆபரேஷன் எப்படி நடந்தது என்று விசாரித்துவிட்டுப் போனார். எனக்குக் கோபப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை.

விளக்கத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன். பொந்தின் போட்டோவை இணைத்தேன். அது நிதிப் பிரிவு வழியாகப் போக வேண்டியிருந்ததால் அந்தப் பெண்மணி மறுபடி கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே இப்படி இருக்கும் என்று வெட்டுவதற்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"அப்போ ஏலம் விட்டது வேற பொருள், கிடக்கறது வேற பொருள். பழைய விலை இதுக்குப் பொருந்தாது. வனத்துறைக்கு மறு அளவை கேட்டு எழுதுங்க. புது மதிப்பு வந்தா குழுவே தேவையில்லை."

இரண்டு மாதமாக அவர் உட்பட மூன்று பேர் கையெழுத்துப் போடப் பயந்த சிக்கலை, அவர் என் மெமோவை வைத்தே இரண்டு நிமிடத்தில் அவிழ்த்துவிட்டார். நன்றி சொன்னேன். மெமோ மெமோதான், அது தனி என்றார்.

அதே வனத்துறை ஆள் வந்தார். பொந்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டார். வெளியிலிருந்து அளக்கும்போது தெரியாது மேடம் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தேக்குக்குத் தனி மதிப்பு, தூங்குமூஞ்சிக்கு விறகு மதிப்பு என்று இரண்டு தாளாகவே கொடுத்தார். இரண்டு தாள் என்பதால் இரண்டு லாட். இந்த முறை மேலதிகாரி உடனே ஒப்புதல் தந்தார்.

ஜனவரியில் ஏலம். தேக்கை ஆறு பேர் கேட்டார்கள். மூன்று லட்சத்து எண்பதாயிரத்துக்குப் போனது. கரையான் ஏறாமலிருந்தால் இன்னும் போயிருக்கும். விறகை ஒரு செங்கல் சூளைக்காரர் கிட்டத்தட்டச் சும்மா எடுத்தார். இரண்டு நாளில் கிரேனும் லாரியும் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டன. எட்டு மாதம் கிடந்த இடத்தில் வெளுத்த புல் மட்டும் இருந்தது. டெக்னீசியனின் தாயார் அதற்கு முன்பே வீடு திரும்பிவிட்டார். வாக்கர் வைத்து நடக்கிறார். மகன் என்னைப் பார்த்தால் தலையசைக்கிறார், பேச்சு கிடையாது.

மார்ச்சில் தணிக்கை வந்தது. நாற்பத்திரண்டு லட்சம் வரை கேட்கப்பட்ட மரத்தை நாலு லட்சத்துக்கும் குறைவாக விற்றதன் காரணம் என்ன என்று கேள்வி. பதில் எழுதினேன். அது போதவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன். இந்த வரிகளை எழுதும்போதும் அந்தக் கேள்வி முடிக்கப்படவில்லை.

மில்காரரின் விஷயம் மட்டும் என் மனசை விட்டுப் போகவில்லை. அவருடைய மனுவை நான் இரண்டாவது தடவை மேலே அனுப்பியிருந்தேன். பொருளின் மதிப்பே தவறாக இருந்தது என்பது இப்போது நிரூபணமாகிவிட்டதால், அந்த ஏலத்தையே செல்லாது என்று வைத்து டெபாசிட்டைத் திருப்பலாம் என்று புதிதாக ஒரு வாதமும் சேர்த்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. தடையை ஆறு மாதமாகக் குறைத்திருந்தார்கள். அந்த ஆறு மாதம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. டெபாசிட் கிடையாது.

கடிதம் போய்ச் சேருமுன் நானே சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். பின்னால் ரம்பம் ஓடும் சத்தம். நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். இதற்கு மேல் யாருக்கு எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டார். எங்கள் தலைமையகத்தில் எந்தப் பதவிக்கு முகவரியிட வேண்டும், எந்த உத்தரவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்வது கேட்டது. எண்ணை இரண்டு தடவை திருப்பிப் படித்துக் காட்டச் சொன்னார்.

"அந்த மனு வந்தா அங்கே நோட் எழுதறது யாரு மேடம்?"

அது மறுபடி எங்கள் அலுவலகத்துக்கே கருத்துக் கேட்டு வரும், எழுதப்போவது நான்தான் என்றேன்.

பேனாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி மேடம், அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். போன் அடங்குவதற்குள் ரம்பம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.